காது கிழிந்த யானையின் பாதிப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில், என்னிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வரும் உங்களில் ஒருத்தி, பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், கேமராவின் முதுகைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் டக்டக்கென்று படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா பண்றே?" என்று கேட்டேன். "எல்லாம் வேஸ்ட் சார். நாரைக்கு முன்னாடி ஒரு புல்லு வந்துட்டுது" என்றாள். நான் அவள் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியது தப்பு. கத்தியது அதைவிடத் தப்பு. டீக்கடை வரைக்கும் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல காட்டுயிர்ப் படம் என்றால் என்ன சார் என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். காலை வெளிச்சம் என்பேன், பொறுமை என்பேன், கண் கூர்மையாக விழவேண்டும் என்பேன். பொய்யில்லை. ஆனால் அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் எதற்கு? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருடத்தில் நான் எடுத்த வலுவான படம் ஒன்று. அதை நானே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். பதினாலு வருடமாக அதற்காக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் காட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று உங்களில் யாரோ யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் போட்டோகிராஃபராக இருந்தவன். வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்பும் கேட்லாக்குக்கு ஷூவைப் படம் எடுப்பதுதான் வேலை. உள்ளே காகிதத்தைத் திணித்து நிமிர்த்துவது, நாடாவை நூல் கட்டித் தூக்குவது, மேலே விழுந்த ஒரு தூசியைப் பிரஷ்ஷால் எடுப்பது. ஒரு சுருக்கம், ஒரு பசைக்கறை இருந்தால் அந்த ஜோடி ஆகாது. ஷூ எங்கேயோ வானத்தில் பிறந்து அப்படியே மேஜைமேல் இறங்கியதுபோல் தெரியவேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த ரூமில் ஒரு பழக்கம். ரிஜெக்ட் ஆன சாம்பிள் ஷூவை அப்படியே குப்பையில் போடமாட்டார்கள். அது எப்படியாவது பஜாருக்குப் போய்விடும் என்று மேல்தோலில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டித்தான் போடுவார்கள். ஒருமுறை நான் பசைக்கறை தெரிந்த ஒரு ஸ்லைடைத் தவறிப்போய் பையருக்குப் போகும் கவரில் வைத்துவிட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அன்றிலிருந்து நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். சென்னை லேபிலிருந்து ஸ்லைடுகள் அட்டைச் சட்டம் போட்டு வரும்; அந்த ஃபிலிமேதான் படம், தனியாக நெகட்டிவ் கிடையாது. லைட் பாக்ஸ்மேல் பரப்புவேன். ஆகாததைத் தோல் வெட்டும் கத்தரியால் நடுவில் ஒரே வெட்டு. யோசிக்கவே மாட்டேன். அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

அதே கம்பெனியில் ஒருவர் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு செலக்‌ஷன் என்று பெயர், அதனால் எல்லாரும் அவரை செலக்‌ஷன் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பேரணாம்பட்டுக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வடக்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே சாய்வாக ஒரு மேஜை, அதன்மேல் தோல், அதன்மேல் அவருடைய வலது கை. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், சின்ன வயதில் மெஷினில் மாட்டியது. அந்தக் கை தோல்மேல் ஒருமுறை போய்வந்தால் போதும். "இது முள்ளுக்காட்டுல மேஞ்சது. இதுக்கு உண்ணி ஜாஸ்தி. இது ஏர் கட்டுன மாடு, கழுத்தாண்ட பாரு, காப்பு காச்சி கீது. பாவம், ரொம்ப நாள் உழைச்சிருக்கு" என்பார். சொல்லிவிட்டு ரிஜெக்ட் என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அடுத்த தோல்.

டீ நேரத்தில் பேசிப் பேசி நாங்கள் தோஸ்த் ஆனோம். கம்பெனி கேமராவை ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப்போக மேனேஜரிடம் எப்படியோ அனுமதி வாங்கி, நான் மலையடிவாரத்தில் மான் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாலு ஞாயிறு போனேன். மானின் பின்பக்கம் மட்டும் நாலு ரோல் இருந்தது. பாயிடம் புலம்பினேன். அவர் என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

"டேய் தோஸ்த், உன்மேல செத்த தோல் வாசனை ஊருக்கே அடிக்குது. எந்த மானு நிக்கும்? நானா இருந்தாலும் ஓடிருப்பேன்."

எங்களுக்கு அந்த வாசனை தெரியாது. ஆம்பூரில் இருக்கிறவனுக்குத் தெரியவும் தெரியாது. துவைத்த துணியிலும் அது இருக்கும். பாயின் மச்சானுக்குப் பேரணாம்பட்டு தாண்டி, ஆந்திரா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாந்தோப்பும் தக்காளி நிலமும் இருந்தன. அந்த பம்ப்செட் ரூமில் எனக்கென்று ஒரு சட்டையும் வேட்டியும் கொடியில் தொங்க ஆரம்பித்தன. விடியற்காலை போய், மோட்டார் தண்ணீரில் குளித்து, துணி மாற்றிக்கொண்டு மலைப்பக்கம் நடப்போம். பாய் தன் மொபெட்டைத் தோப்பில் நிறுத்திவிட்டு டிபன் பையோடு கூடவே வருவார். அவருக்குப் படத்தில் ஆசை கிடையாது. "சும்மா பாக்கறதுக்கு வர்றேன்" என்பார்.

என் மனைவிக்கு ஞாயிறு ஆராதனைக்கு நான் வராதது பெரிய குறை. "கர்த்தரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாரு. உங்களுக்கு மட்டும் ஓய்வு கிடையாதா? உங்க யானை எந்தச் சபைங்க?" என்பாள்.

யானைகள் அந்தப் பக்கத்துக்கு ஆந்திரா மலையிலிருந்து இறங்கி வரும். வேர்க்கடலை, வாழை, மாம்பழம் என்று பருவத்துக்கு ஏற்றபடி. ஊருக்குப் பேஜார், எனக்குக் கொண்டாட்டம். அந்த வருடம் வந்த கூட்டத்தில் ஒரு கொம்பன் இருந்தான். சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு. தந்தம் இரண்டும் ஒரே அளவு, உடம்பில் ஒரு வடு கிடையாது. என் கண்ணுக்கு அது முதல் தரம். அந்தக் கூட்டத்தை நடத்திவந்த பெண் யானையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது காது பாதிக்குமேல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். வாலில் முடி இல்லை, நுனியே இல்லை. பாய் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"காது கம்பியில மாட்டிருக்குது. அவளேதான் இழுத்துக்கினு வந்திருக்கா. வால் சின்னதுல போயிருக்கு, இன்னாவோ கடிச்சிருக்கு. தொடைல ரவுண்டா தெரியுது பாரு, அது நாட்டுத் துப்பாக்கி. எல்லாத்தையும் தாண்டி வந்து குட்டி போட்டிருக்கா பாரு."

அவளிடம் ஒரு மாதம்கூட ஆகாத குட்டி இருந்தது. நான் "ஆமா பாய், ஆமா பாய்" என்றபடி கொம்பன் மறுபடி பக்கவாட்டில் திரும்புகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை கூட்டம் மலையேறத் தாமதமாகிவிட்டது. வெயில் வந்துவிட்டது. ஏரி மதகிலிருந்து வரும் கால்வாயில், சேற்றில், அந்தக் குட்டி இறங்கி மாட்டிக்கொண்டது. தாய் நகரவில்லை. ஊர்க்காரர்கள் தட்டும் பட்டாசுமாகக் கரைமேல் ஓடிவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முதல் நாள் ராத்திரி ஒருவருடைய வாழை முழுக்கப் போயிருந்தது. ஆனால் குட்டி மாட்டியிருப்பது அவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. தாய் எதற்காக நிற்கிறாள் என்று புரியாமல், துரத்தினால் போய்விடும் என்று நினைத்தார்கள். ஒரு பட்டாசு வெடித்தால் அவள் மலைக்கு ஓடமாட்டாள், கரைக்குத்தான் ஏறுவாள்.

நான் ஒரு பனைமரத்தின் பின்னால் இருந்தேன். ரோலில் இரண்டு பிரேம் பாக்கி. ஞாயிற்றுக்கு ஒரு ரோல்தான் என்பது என் கணக்கு, பையில் வேறு ஃபிலிம் இல்லை. கொம்பன் தோப்பு ஓரத்தில் வெயிலில் குளித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றான். ஒன்று அவனுக்குப் போனது. கடைசி பிரேமை அவன் தும்பிக்கை தூக்கினால் எடுக்கலாமென்று வைத்திருந்தேன். கால்வாயில் நடப்பதைப் பார்க்க வியூஃபைண்டரை அந்தப் பக்கம் திருப்பியிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது பாய் எழுந்து கரைமேல் ஓடினார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், செருப்பு ஒரு பக்கம் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். முகம் வலப்பக்கம், ஜனங்களைப் பார்த்து. வலது கை பின்னால், யானையைப் பார்த்து, விரலெல்லாம் விரித்து, அழும் பிள்ளையை இரு இரு என்று சொல்வோமே, அப்படி. தொண்டை கிழியக் கத்தினார்.

"கொளுத்தாதீங்கடா! குட்டி மாட்டிக்கினு இருக்குடா! இரண்டு நிமிஷம் நில்லுங்கடா டேய்!"

அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு என் விரல் பட்டனை அழுத்திவிட்டது. படத்தை நான் எடுத்தேன் என்று சொல்லமுடியாது. விரல் எடுத்தது. ரோல் முடிந்து ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பாய் செத்துவிடுவாரே என்று நான் பயப்படவில்லை. கடைசி பிரேம் வீணாகிவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜனங்கள் நின்றார்கள். பட்டாசை யாரும் கொளுத்தவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் அந்தத் தாய் காலால் சேற்றை ஒதுக்கி, தும்பிக்கையால் முட்டுக்கொடுத்து, குட்டியை மெல்ல மேலே ஏற்றினாள். முன்னால் தட்டோடு வந்தவர்களே "ஏறு, ஏறு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வாழை போன மனுஷனும் சொன்னார். கையில் ஃபிலிம் இல்லாமல் நான் வெறும் கண்ணால் பார்த்தேன். குட்டி ஏறியதும் அவள் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினாள். கிழிந்த காது இரண்டு துண்டாக ஆடியது. பிறகு மலைக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஸ்லைடுகள் வந்தன. கொம்பன் படத்தைப் பார்த்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். கண்ணாடிபோல் சுத்தம், பின்னால் பசுமை, ஒரு இலை குறுக்கே இல்லை. அந்த வருடம் கம்பெனி காலண்டரில் அதைத்தான் போட்டார்கள். கடைசி ஸ்லைடை எடுத்தேன். காது கிழிந்தவள், அவள் காலுக்கு நடுவில் சேறு பூசிய குட்டி, பின்னால் யாரோ கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடைகள், வலது பாதியில் வாயைப் பிளந்துகொண்டு பாய். சாம்பிள் ரூம் கண்ணால் பார்த்தேன். இதில் எது ஆகும்? ஒன்றுமே ஆகாது. கத்தரியை எடுத்து நடுவில் ஒரே வெட்டு.

மறுநாள் டீக்கு வந்த பாய் குப்பைக்கூடையில் கிடந்ததைப் பார்த்துவிட்டார். மேலே ஒரு பாதிதான் கிடந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாது இது?"

"ரிஜெக்ட் பாய்."

"எதுக்கு?"

"காது கிழிஞ்சிருக்கு, வால் இல்ல. பின்னாடி கூடைங்க. பத்தாததுக்கு நீங்க வேற குறுக்க."

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "நானும்தான் டெய்லி ரிஜெக்ட் போடறேன் தோஸ்த். ஷூவுக்கு ஆவாதுன்னு போடறேன். மாடு ஆவாதுன்னு என்னிக்குமே போட்டதில்ல."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபித்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அந்தப் பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீயைக் குடிக்காமல் போய்விட்டார். இன்னொரு பாதி அன்று சாயங்காலம் கூடையோடு போயிற்று.

பள்ளிக்கூடம் போல இதற்கு விளக்கம் எழுதினால் உங்களுக்குப் போரடிக்கும். ஆனாலும் சொல்கிறேன். அந்த வாரக் கடைசியில் கொம்பன் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அது எந்தக் காடு? தெரியவில்லை. எந்தக் காலம்? தெரியவில்லை. அவன் எங்கிருந்து வந்தான், எதற்குப் பயந்தான், யாரோடு வந்தான்? ஒன்றும் தெரியவில்லை. யானை என்று தெரிகிறது, அது போதாது. அது எந்த யானை என்று தெரியவேண்டும். நீங்கள் ஒவ்வொரு படத்தைக் காட்டும்போதும் "இது எந்த மான், எந்த நாரை" என்று நான் கேட்பது அதனால்தான். நீங்கள் ஜாதிப் பெயரைச் சொல்கிறீர்கள், நான் மண்டையில் அடித்துக்கொள்கிறேன். வெட்டிப்போட்ட படத்தில் அவளுடைய நாற்பது வருடமும் இருந்தது. அவளை யார் சுட்டார்கள், எதைத் தாண்டினாள், எந்த ஊர்த் தக்காளிக்கு வந்தாள், யார் குறுக்கே நின்று காப்பாற்றினார்கள், எல்லாம் இருந்தது. நான் அதைத் தூசி என்று நினைத்தேன்.

மறுபடி எடுத்துவிடலாம் என்று நம்பினேன். அடுத்த வருடம் யானைகள் வந்தன, அவள் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. ஒவ்வொரு கூட்டம் இறங்கும்போதும் பாயும் நானும் காதுகளைத்தான் எண்ணுவோம். எல்லாம் முழுக்காது. முழுக்காது யானையைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். பிறகு பாய்க்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மேஜை வேலையை விட்டுவிட்டு மூத்த மகனோடு பெங்களூர் போய்விட்டார். மார்கழி பிறந்தால் போன் வரும். சலாம் இல்லை, சௌக்கியமா இல்லை, முதல் வார்த்தையே அதுதான்.

"வந்தாளா?"

"இல்ல பாய்."

"வருவா. நீ போய்க்கினே இரு."

ஒரு மார்கழியில் போன் வரவில்லை. நானே பண்ணினேன். அடக்கம் முடிந்து இருபது நாள் ஆகிவிட்டது என்றார்கள். பம்ப்செட் ரூமில் என் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் கேமராவையே தொடவில்லை.

நான் ரிடையர் ஆன வருடம் பாயின் மகள் ஷபானா வீட்டுக்கு வந்தாள். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தாத்தா போனபிறகு பிறந்தது. உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்.

"அங்கிள், அப்பாவோட போட்டோ ஒன்னுகூட எங்க கிட்ட இல்ல. வோட்டர் கார்டுல இருக்கறது யாரோ மாதிரி இருக்குது. இவளுக்குக் காட்டறதுக்கு ஒன்னுமே இல்ல. நீங்க அத்தினி வருஷம் கூடவே சுத்துனீங்களே, உங்க கிட்ட இல்லாமலா இருக்கும்?"

பாய்க்கு உருவப்படம் பிடிக்காது. "என்ன மட்டும் எடுத்துடாத, தோஸ்தி கட்" என்பார். அதை மதித்துத்தான் எடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், பக்கத்தில் இருக்கிற மனுஷன் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார் என்று நினைத்துவிட்டேன். நாலு பெட்டி ஸ்லைடையும் அவள் முன்னால் கொட்டித் தேடினோம். மான் இருந்தது, நாரை இருந்தது, கொம்பன் பதினேழு விதத்தில் இருந்தான். மாந்தோப்பில் நிறுத்திய மொபெட் இருந்தது, ஹேண்டில்பாரில் டிபன் பை இருந்தது. அவர் இல்லை.

கடைசியில் அவள் கைப்பையிலிருந்து பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவை எடுத்தாள். "இது அப்பாவோடது. துணிக்கு அடியில இது இருந்துச்சு. இன்னான்னு தெரியல. இதுல அப்பா இருக்காரான்னு பாக்கறீங்களா?"

பாதி ஸ்லைடு. வெளிச்சத்தில் பிடிப்பதற்கு முன்னாலேயே வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. லைட் பாக்ஸைப் போட்டு வைத்தேன். காது கிழிந்தவள் நின்றாள், காலுக்கு நடுவில் குட்டி. அவளுக்காகத்தான் பாய் இதை வைத்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் மறந்தே போயிருந்த ஒன்று அங்கே இருந்தது. வலது ஓரத்தில், வெட்டை ஒட்டி, மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. விரித்த விரல்கள். ஆள்காட்டி விரலின் நுனி வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

ஷபானா பூதக்கண்ணாடியில் குனிந்தாள். நிமிரவே இல்லை. "அப்பா கை" என்றாள். குழந்தையைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, "நானா கை பாரு, நானா கை" என்றாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவை அவர்கள் நானா என்பார்கள். குழந்தை யானையைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அவள் விரல் அந்தக் கையிலிருந்து மெல்ல நகர்ந்து, வெட்டிய ஓரத்தைத் தாண்டி, வெறும் வெள்ளை வெளிச்சத்தில் வந்து நின்றது.

"மீதி எங்க அங்கிள்? முகம் இங்கதானே இருக்கணும்? இத யாரு வெட்டுனாங்க?"

வேலையில் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம்போல் எதுவும் இல்லை. லேபில் வீணாகிவிட்டது என்று சொல்லலாம், அவள் நம்புவாள். அவள் அப்பாவின் கை என்னைப் பார்த்து விரிந்திருந்தது.

"நான்தாம்மா வெட்டுனேன்."

"ஏன்?"

"யானைக்குக் காது கிழிஞ்சிருந்துச்சு. உங்கப்பா குறுக்க வந்துட்டாரு. படம் சுத்தமா இல்லன்னு வெட்டிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல அப்பா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?" என்று கேட்டாள்.

"கத்திக்கினு இருந்தாரும்மா."

"அப்பாவா? அப்பா கத்தி நாங்க கேட்டதே இல்லியே!"

"கேட்டதில்லையா?"

"எங்கள ஒருநாளும் அதட்டுனதுகூட இல்ல. எப்படிக் கத்துனாரு? காட்டுங்க அங்கிள்."

எழுந்து நின்றேன். செருப்பை ஒரு பக்கம் உதறினேன். முகத்தை வலப்பக்கம் திருப்பி, வலது கையைப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்தேன். அறுபது வயது தொண்டையில் இருந்த அத்தனையையும் சேர்த்துக் கத்தினேன். "கொளுத்தாதீங்கடா! குட்டி மாட்டிக்கினு இருக்குடா! இரண்டு நிமிஷம் நில்லுங்கடா டேய்!" சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். ஷபானா அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலூரில் ஒரு கடையில் அதை ஸ்கேன் பண்ணி இரண்டு பிரிண்ட் போட்டோம். ஒன்று அவள் வீட்டில், இன்னொன்று என் கூடத்தில். பிரேம் முழுப்படத்துக்கு வாங்கியது. வலது பாதி வெறும் வெள்ளைக் காகிதம். மாட்டித் தந்த கடைக்காரர் வெள்ளையை வெட்டிச் சின்னதாகப் பண்ணித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இதில் இனி எதையும் வெட்டவேண்டாம் என்றேன். என் வீட்டுக்கு வரும்போது அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு "பிரிண்டிங் மிஸ்டேக்கா சார்" என்று நீங்கள் கேட்டீர்களே, அது இதுதான்.

கேமராவைப் பிடுங்கியதற்கு மன்னித்துக்கொள், அம்மா. அந்த நாரைப் படத்தை நீ இன்னும் அழிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வா. புல் இருக்கட்டும். அது எந்த ஏரியின் புல் என்று சேர்ந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஷபானா பிரியாணியும் பாயின் பேத்தியுமாக வருகிறாள். குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. வாசல்படி ஏறும்போதே "நானா மாதிரி நில்லுங்க" என்கிறாள். நான் அந்த வெள்ளைக் காகிதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். வலப்பக்கம் பார்த்துக் கத்துவேன். வலது கையைப் பின்னால் நீட்டி வைத்திருப்பேன். அவள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.